ஐந்து கோடி ரூபாய்க் கேள்வி

மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறு வாசகர் குழுவில் சென்ற முறை பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறுகதைத் தொகுப்பு. பேசி முடித்ததோ தொலைக்காட்சி வினாடி வினாக்களைப் பற்றி. தொகுப்பின் பின்னட்டையில், அதன் ஆசிரியர் இன்ன ஆண்டில் இன்ன விருது பெற்றவர் என்று அச்சிட்டிருந்தார்கள். ஆண்டு தவறு என்றார் ஒரு நண்பர். இல்லை, சரிதான் என்றார் இன்னொருவர். கால் மணி நேரம் அதிலேயே கழிந்தது. அதுவரை மூலையில் மௌனமாக இருந்த மூத்த நண்பர் ஒருவர், “நாம் இலக்கியம் பேசுகிறோமா, கோடீஸ்வரன் நிகழ்ச்சிக்குத் தயாராகிறோமா?” என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஓர் ஏளனம் இருந்ததை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தோம்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு வினாடி வினா என்றாலே சற்று இளக்காரம்தான். துண்டுத் தகவல்களைச் சேகரிப்பவன் அறிஞன் ஆவதில்லை, மனப்பாடம் அறிவாகாது, கோடி ரூபாய்க்காகக் கேட்கப்படும் கேள்வியில் ஞானம் எங்கிருந்து வரும் என்றெல்லாம் சொல்வோம். நாங்களும் இவற்றைப் பலமுறை சொன்னவர்கள்தாம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தத் தடுமாற்றத்திலிருந்து பிறந்தது. நாங்கள் கேட்க விரும்புவது ஒன்றுதான். ஒரு கேள்வியைக் கடினமானது என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? அந்தக் கடினத்தால் யாருக்கு என்ன பயன்?

*

2011-ஆம் ஆண்டு ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியின் ஐந்தாம் பருவத்தில், பீகார் மாநிலம் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் என்ற இளைஞர் ஐந்து கோடி ரூபாய் வென்றார். ஒப்பந்த அடிப்படையில் கணினி இயக்குநராக வேலை பார்த்துவந்தவர் அவர். மாத ஊதியம் 6,500 ரூபாய். அவரிடம் கேட்கப்பட்ட இறுதி வினா இது: 1868 அக்டோபர் 16 அன்று நிக்கோபார் தீவுகளின் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றதன் வாயிலாக இந்தியாவுடனான தன் தொடர்பை முடித்துக்கொண்ட காலனிய அரசு எது? விடை, டென்மார்க்.

முதல் பார்வையில் நமது ஏளனத்துக்கு ஏற்ற கேள்விதான். 1868 அக்டோபர் 16 என்ற தேதியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? எதற்காக வைத்திருக்க வேண்டும்? ஆனால் வினாவை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். அது தேதியைக் கேட்கவில்லை, கொடுக்கிறது. நிக்கோபாரையும் கொடுக்கிறது. விற்பனை நடந்ததையும் அத்துடன் ஓர் அரசு நம் நாட்டைவிட்டு முழுமையாக வெளியேறியதையும் கொடுக்கிறது. கேட்பது ஒரே ஒரு பெயரை. இந்தியக் கடற்கரைகளில் கடை விரித்த ஐரோப்பியர் யார் யார், அவர்களில் யார் எப்போது கிளம்பினார்கள் என்று யோசிக்கத் தெரிந்தவருக்கு இங்கே வழி உண்டு. போர்த்துக்கீசியர் 1961 வரை கோவாவில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை 1954-இல்தான் விட்டார்கள். ஆகவே இருவரும் 1868-இல் தொடர்பை முடித்துக்கொண்டவர்களாக இருக்க முடியாது. டச்சுக்காரர்கள் 1825 வாக்கிலேயே தங்கள் இந்தியக் குடியிருப்புகளைக் கைமாற்றிவிட்டுப் போனவர்கள். மிச்சம் யார்?

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு சலுகையும் உண்டு. தரங்கம்பாடிக்கு ஒருமுறை போய்வந்தவர் டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்திருப்பார். 1620-இல் தஞ்சை நாயக்கர் இரகுநாதரோடு செய்த உடன்படிக்கையின் பேரில் டேனியர் அங்கே காலூன்றினார்கள். சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதும், தமிழ் விவிலியம் அச்சேறியதும் அந்தக் கரையில்தான். நிக்கோபார் தீவுகளை 1756 முதல் டேனியர் உரிமை கொண்டாடினார்கள். தங்கள் அரசர் ஃபிரடெரிக்கின் பெயரைத் தீவுகளுக்குச் சூட்டி, தரங்கம்பாடியிலிருந்தபடியே நிர்வகிக்க முயன்றார்கள். குடியேறியவர்களை மலேரியா விடவில்லை. 1768-இல் அங்கே சென்ற மொரேவிய சகோதர சபையினரும் காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்துவிட்டு 1787-இல் திரும்பிவிட்டார்கள். நடுவில் 1778-இல், டேனியர் கைவிட்டுவிட்டார்கள் என்று கருதி ஆஸ்திரியர்கள் வந்து கொடி நட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அதுவும் அடங்கிப்போயிற்று. பேரரசி மரியா தெரசாவின் பெயர் மட்டும் ‘தெரசா’ என்று ஒரு தீவின் மேல் தங்கிவிட்டது. 1845-இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்ற டேனியர்களுக்கு, யாரும் வாங்க ஆசைப்படாத இந்தத் தீவுகள் மட்டும் இருபத்து மூன்று ஆண்டுகள் கையில் மிஞ்சின. சோழ மெய்க்கீர்த்தி ‘நக்கவாரம்’ என்று குறிப்பிடும் தீவுகள் இவையே.

இவ்வளவும் அந்த ஒற்றை வரி வினாவுக்குப் பின்னால் இருக்கிறது. நிகழ்ச்சியைப் பார்த்த கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இதில் ஒரு வரியாவது போய்ச் சேர்ந்திருக்கும்? பெரும்பாலோர் நினைவில் நிற்பவை அந்த இளைஞரின் கண்ணீரும் அமிதாப் பச்சனின் அணைப்பும் காசோலையும்தாம். கேள்வி கதவாகத்தான் செய்யப்பட்டிருந்தது. திறந்து காட்ட யாருக்கும் நேரமில்லை.

*

கடினம் என்பது கேள்விக்குள் இருக்கும் பண்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அது கேள்விக்கும் அதை எதிர்கொள்பவருக்கும் இடையே இருப்பது. இதே நிகழ்ச்சியின் முதல் பருவத்தில், 2000-ஆம் ஆண்டில், முதல் கோடியை வென்றவர் ஹர்ஷவர்தன் நவாதே. நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்கேற்க இந்திய அரசியலமைப்பு யாரை அனுமதிக்கிறது என்பது அவருக்கு வந்த இறுதி வினா. விடை, அட்டர்னி ஜெனரல். அரசியலமைப்பின் 88-ஆம் பிரிவு சொல்வது இது. அவர் இரு அவைகளிலும் பேசலாம், வாக்களிக்கத்தான் முடியாது. நவாதே அப்போது குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அத்தேர்வுக்குப் படிக்கும் எந்த மாணவருக்கும் இது பாலபாடம். நல்ல கவிஞர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் அவர் பணத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். அதனால் கவிஞர் அறிவில் குறைந்தவராகிவிட மாட்டார்.

இங்கிலாந்தின் மூல நிகழ்ச்சி 1998-இல் தொடங்கியது. அங்கே முதன்முதலில் பத்து லட்சம் பவுண்டு வென்ற ஜூடித் கெப்பலிடம் 2000 நவம்பரில் கேட்கப்பட்டது, அக்குவிட்டேனின் எலினோரை மணந்த அரசர் யார் என்பது. விடை இரண்டாம் ஹென்றி. ஆங்கில வரலாற்றை ஊன்றிப் படித்தவருக்கு இதுவும் பெரிய புதிரில்லை.

இவற்றைவிட நமது வாதத்துக்கு வேண்டிய வினா, அதே நிகழ்ச்சியில் 2001 செப்டம்பரில் சார்லஸ் இங்ராம் என்ற இராணுவ மேஜரிடம் கேட்கப்பட்டது. ஒன்றை எழுதி அதன் பின்னால் நூறு பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணின் பெயர் என்ன? தெரிவுகள் நான்கு: கூகால், மெகாட்ரான், கிகாபிட், நானோமோல். இங்ராம் கூகால் என்று சொல்லி வென்றார். பார்வையாளர் பகுதியிலிருந்து இருமல் மூலம் அவருக்குச் சமிக்ஞை கிடைத்தது என்று வழக்கு வந்தது. 2003-இல் அவரும் அவர் மனைவியும் இருமியவராகச் சொல்லப்பட்டவரும் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. இங்ராம் இன்றுவரை குற்றத்தை மறுத்து வருகிறார். நிற்க. நமக்கு வேண்டியது வழக்கல்ல, வினா.

அந்தத் தெரிவுகளை நிதானமாகப் பாருங்கள். நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. அப்பெயர் பேரெண்ணுக்கு வராது. கிகாபிட் கணினித் தகவலின் அளவு. மெகாட்ரான் குழந்தைகள் விளையாடும் ஒரு பொம்மை இயந்திரத்தின் பெயர். மிஞ்சுவது ஒன்றே. பத்து லட்சம் பவுண்டு பெறுமானமுள்ள அந்த வினா, கூகால் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவரும் ஐந்து நிமிடம் அமைதியாக யோசித்தால் அவிழ்த்துவிடக்கூடியது. அவிழ்க்க விடாமல் தடுப்பது வெளிச்சமும் இசையும் பணமும். வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கும் நாம், அந்த நாற்காலியில் இருப்பவர் சுமக்கும் பாரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கையிலிருக்கும் பணத்தோடு விலகிவிடலாம் என்ற சலுகைதான் அங்கே மிகப் பெரிய சுமை. தவறாகச் சொன்னால் பெரும்பகுதி போய்விடும். அப்போது கேட்கப்படுவது “உனக்குத் தெரியுமா?” என்பதல்ல. “தெரியும் என்று உனக்கு எவ்வளவு உறுதி?” என்பது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். நம்மில் படித்தவர்கள் பலர் முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்பவர்கள்.

பிபிசியின் ‘மாஸ்டர்மைண்ட்’ நிகழ்ச்சி 1972-இல் தொடங்கியது. அதை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு கெஸ்டபோவின் விசாரணைக்கு ஆளானவர். இருட்டறை, தனி நாற்காலி, முகத்தில் விழும் வெளிச்சம், இடைவிடாத கேள்விகள் ஆகிய அனைத்தையும் அந்த அனுபவத்திலிருந்தே அவர் எடுத்தார். வினாடி வினா நாற்காலிக்கும் விசாரணைக் கூண்டுக்கும் உள்ள உறவு நம் கற்பனை அல்ல.

*

ஆனால் தொலைக்காட்சி வரலாற்றின் மிகக் கடினமான வினா எது என்று எங்களைக் கேட்டால் இவற்றுள் எதையும் சொல்ல மாட்டோம். 1956 டிசம்பரில் அமெரிக்காவின் ‘டுவென்டி-ஒன்’ நிகழ்ச்சியில் ஹெர்பெர்ட் ஸ்டெம்பெலிடம் கேட்கப்பட்டதைச் சொல்வோம். 1955-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது எந்தப் படத்துக்குக் கிடைத்தது? விடை ‘மார்ட்டி’. ஸ்டெம்பெலுக்கு அது தெரியும். அவருக்குப் பிடித்த படம், பலமுறை பார்த்த படம். ஆனால் அன்று அவர் தோற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ என்று தவறாகச் சொல்லும்படி அவருக்கு உத்தரவு. அவர் அவ்வாறே சொன்னார். தெரிந்த விடையைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டு, நாடே பார்த்திருக்கத் தெரியாதவனாக நிற்பதைவிடக் கடினமான வினா வேறு எது?

அவரைத் தோற்கடித்து மேலே வந்தவர் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர் மார்க் வான் டோரனின் மகன். அழகர், பண்பாளர், இலக்கியக் குடும்பத்துப் பிள்ளை. 1957-இல் ‘டைம்’ இதழ் அட்டையில் அவர் படத்தைப் போட்டது. படிப்பாளிகளுக்கு இப்படி ஒரு புகழா என்று அமெரிக்க அறிவுலகமே பூரித்தது. வினாக்களும் விடைகளும் அவருக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்பதை 1959 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். பேராசிரியர் பணி போயிற்று. மறு ஆண்டே வினாடி வினாக்களில் மோசடி செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அதன்பின் வான் டோரன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் ஆசிரியர் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு நூலை எப்படி வாசிப்பது என்று கற்றுத்தரும் புகழ்பெற்ற கையேட்டை மார்ட்டிமர் ஆட்லரோடு சேர்ந்து 1972-இல் திருத்தி விரிவாக்கியதும் அவரே. விடைகளைக் கடன் வாங்கிப் புகழ்பெற்றவர், மிச்ச வாழ்நாளை விடைகளைத் தொகுப்பதிலும் வாசிக்கக் கற்றுத்தருவதிலும் கழித்தார். அதைத் தண்டனை என்று பார்ப்பதா, பிராயச்சித்தம் என்று பார்ப்பதா என்று எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

இந்தக் கதையை இலக்கிய வாசகர்களிடம் சொல்லக் காரணம் உண்டு. தயாரிப்பாளர்களுக்கு அறிவு தேவைப்படவில்லை, அறிவாளி தேவைப்பட்டார். அதாவது அறிவாளியின் தோற்றம். நெற்றியைத் துடைத்துக்கொள்வது, உதட்டைக் கடிப்பது, கடைசி நொடியில் நினைவு வந்ததுபோல் முகம் மலர்வது என்று எல்லாம் ஒத்திகை பார்க்கப்பட்டன. மேடையில் படிக்காத நூல்களின் பெயர்களை அடுக்கும்போது, முன்னுரையை மட்டும் புரட்டிவிட்டு மதிப்புரை எழுதும்போது, நாமும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் நிற்கிறோம். நமக்குப் பணம் தருவாரில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

*

வினாவே பிழையாக இருந்தால்? 2008-இல் வெளிவந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் நாயகனிடம், புகழ்பெற்ற ஓர் இந்தி பக்திப் பாடலை எழுதிய கவிஞர் யார் என்று கேட்கப்படுகிறது. சூர்தாஸ் என்பது படம் ஏற்கும் விடை. உண்மையில் அந்தப் பாடல் 1957-இல் வெளியான ‘நர்சி பகத்’ திரைப்படத்துக்காக கோபால் சிங் நேபாளி என்ற இந்திக் கவிஞர் எழுதியது. பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் புகழ் பெரிதாக இருந்ததால், இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர் தம் சொந்தப் பாட்டை இழந்தார். உலகமெங்கும் ஓடி, எட்டு ஆஸ்கார் விருதுகளை வாங்கிய படத்தில் நடந்தது இது. திரைக்கதையில் வந்த பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் வினாடி வினா என்ற வடிவத்துக்கே உரிய ஓர் அதிகாரம் இங்கே தெரிகிறது. பாடநூலில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்தக்கூடும். வினாடி வினாவில் பிழை இருந்தால், சரியான விடையைச் சொன்னவர் தோற்றுப்போவார்.

இதை நாங்கள் எங்கள் கையாலேயே செய்து பார்த்தவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் இலக்கிய வினாடி வினா நடத்தினோம். தமிழின் முதல் நாவல் எது என்பது எங்கள் முதல் சுற்றின் கேள்வி. எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டுத் தொடங்குவோம் என்ற நல்லெண்ணம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்பது எங்கள் விடைத்தாளில் இருந்தது. ஒரு மாணவி ‘ஆதியூர் அவதானி சரிதம்’ என்றார். தவறு என்று சொல்லி மணியடித்தோம். அவர் உட்காரவில்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879-இல் என்றும், சேஷையங்காரின் ‘ஆதியூர் அவதானி சரிதம்’ 1875-லேயே வந்துவிட்டது என்றும் சொன்னார். அது செய்யுளில் எழுதப்பட்டது என்றோம். “நாவல் உரைநடையில்தான் இருக்க வேண்டும் என்று கேள்வியில் இல்லையே, ஐயா” என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. நேரமில்லை என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அவர் அணி அன்று ஒரு மதிப்பெண்ணில் தோற்றது. அந்த மாணவி சொன்னதே சரி என்று இப்போதும் நாங்கள் சொல்லவில்லை. உரைநடையில் அமைந்த முதல் நாவல் என்று கேட்டிருந்தால் எங்கள் விடைக்கு மறுப்பிருக்காது. ஆனால் நாவல் என்பது எது, செய்யுளில் ஒரு நவீனக் கதையைச் சொன்னால் அது காப்பியமா நாவலா, ‘முதல்’ என்பதை எழுதிய நாளிலிருந்து கணக்கிடுவதா அச்சான நாளிலிருந்தா என்று ஒரு மாலை முழுதும் பேசியிருக்கக்கூடிய விஷயத்தை ஒரு மணியோசையால் மூடினோம். அன்று அந்த அரங்கில் இலக்கியத்தின் பக்கம் நின்றவர் அவர். வினாடி வினாவின் பக்கம் நின்றவர்கள், இலக்கியக் குழு என்று பெயர் வைத்துக்கொண்ட நாங்கள்.

*

அப்படியானால் வினாடி வினாவே வேண்டாமா? எங்கள் கருத்து அதற்கு நேர்மாறானது. நல்ல வினா ஒன்றை எழுதுவது நல்ல மதிப்புரை எழுதுவதற்கு இணையான வேலை என்பதை மேற்சொன்ன அவமானத்துக்குப் பிறகே புரிந்துகொண்டோம்.

இந்தியாவில் இதற்கென ஒரு மரபே உண்டு. 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியை இந்நாட்டின் முதல் முறையான வினாடி வினா என்பார்கள். வானொலியிலும் தூர்தர்ஷனிலும் அது பரவியது. 1980-களில் தூர்தர்ஷனில் ‘க்விஸ் டைம்’ நடத்திய சித்தார்த்த பாசுதான் பின்னாளில் ‘கோன் பனேகா குரோர்பதி’யை உருவாக்கித் தந்தவர். சென்னையில் ஆகஸ்ட் 15-ஆம் நாள்களில் நடந்துவந்த லேண்ட்மார்க் வினாடி வினாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் நம்மிடையே இருப்பார்கள். இந்த அரங்குகளில் தேறிய ஒரு பாணி உண்டு. வினா நான்கைந்து வரி நீளும். விடைக்குப் போகும் தடயங்கள் வினாவுக்குள்ளேயே சிதறிக் கிடக்கும். நினைவிலிருந்து உருவி எடுக்க முடியாதவரும், துப்புத் துலக்கி அங்கே போய்ச் சேரலாம். விடை சொல்லப்பட்டதும் அரங்கிலிருந்து “அடடா” என்று ஒரு பெருமூச்சு எழ வேண்டும். “அப்படியா” என்ற வறட்டுக் குரல் எழுந்தால் அந்த வினா தோற்றது என்று பொருள். அது தெரியாமல் போனதற்காக வருந்துவது வேறு, கண்டுபிடித்திருக்கலாமே என்று வருந்துவது வேறு.

ஒரு சோதனை செய்து பார்ப்போம். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியான ஆண்டு எது? இது ஒரு வினா. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தலைகீழாக நின்றாலும் வராது. விடை தெரிந்த பின்னும் நம்மிடம் மிஞ்சுவது நான்கு இலக்கங்கள்.

இதையே இப்படிக் கேட்கலாம்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்சீபாக இருந்த ஒருவர் ஆங்கில நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்தார். பெண் கல்விக்காக எழுதினார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றினார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க வேண்டும் என்று சொல்லி அவர் எழுதிய கதைநூல் எது? விடை அதே நூல்தான். ஆனால் இந்த வினாவை எதிர்கொள்பவர், நீதிமன்றத் தமிழுக்கும் நாவல் தமிழுக்கும் ஏதோ உறவு இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு வெளியே வருகிறார். விடை தெரியாதவரும் வெறுங்கையோடு போவதில்லை. தோற்றவருக்கும் எதையாவது கொடுத்தனுப்புவதே நல்ல வினாவின் இலக்கணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

தொலைக்காட்சிக்கு இவ்வளவு நீண்ட வினா ஒத்துவராது என்பது தெரிந்ததே. நாங்கள் கேட்பது அதிகமில்லை. விடை சொன்னபின் விளம்பரத்துக்குப் போகும் முன், அரை நிமிடம் அந்த விடையின் பின்கதையைச் சொல்லலாம். டென்மார்க் என்று சொல்லிப் பூ மழை பொழிந்தபின், தரங்கம்பாடி என்ற ஒரு பெயரையாவது உச்சரிக்கலாம். வினா வரைபவர்களாக எழுத்தாளர்களையும் வரலாற்று மாணவர்களையும் அழைக்கலாம். தமிழிலேயே இந்நிகழ்ச்சி பல பெயர்களில் வந்துபோயிற்று. 2000-த்தையொட்டி சரத்குமார் நடத்தினார். 2012-இல் சூர்யா, பிறகு பிரகாஷ்ராஜ், 2016-இல் அரவிந்த் சாமி. பெண்களுக்கென்றே வந்த ‘கோடீஸ்வரி’யை ராதிகா நடத்தினார். அதில் 2020 ஜனவரியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண்ணான கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்றார். கேட்பதையும் சொல்வதையும் மட்டுமே நம்பி அமைந்த ஒரு விளையாட்டில், இரண்டும் இல்லாமல் உதட்டசைவை வாசித்தே அவர் ஜெயித்தார். அறிவுக்கு எத்தனை வாசல்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த விடை உண்டா? இந்த மேடையை இளக்காரமாகப் பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வி அத்துடன் முடிந்துவிடுவதில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. ஐந்து கோடி வென்ற சுஷில் குமார், அதற்குப் பின்வந்த ஆண்டுகளே தம் வாழ்வின் மோசமான காலம் என்று 2020-இல் வெளிப்படையாக எழுதினார். ஏமாற்றியவர்கள், குடிப்பழக்கம், வீட்டில் சண்டை என்று எதையும் மறைக்கவில்லை. பிறகு ஊர் திரும்பி, சம்பாரண் மாவட்டத்தில் வீடு வீடாகச் சம்பகக் கன்றுகள் நடுவதில் ஈடுபட்டார். சம்பக வனம் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பெயர் சம்பாரண். அந்த ஊர்ப்பெயருக்குள் ஒரு வினா நெடுங்காலமாகக் கிடந்திருக்கிறது. சம்பாரணில் சம்பகம் எங்கே? அதற்கு நான்கு தெரிவுகள் கிடையாது, கடிகாரம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. அவர் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வினாவோடு வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். விருது பெற்ற ஆண்டு கூடாது, ‘முதல்’ என்ற சொல் கூடாது. விடை தெரியாதவர் அந்த நூலைத் தேடிப் போகும்படி வினா இருக்க வேண்டும். மூன்று வாரமாக முயன்று பார்க்கிறோம். இதுவரை ஒருவருக்கும் ஒன்றுகூட அமையவில்லை. கடினமான கேள்வி எது என்பது இப்போது ஓரளவு விளங்குகிறது.